புகார் எண் ஒன்று

ஒரு பள்ளியை ஆய்வு செய்ய வந்தால் முதலில் கழிப்பறைக்குத்தான் போவார். குழாயைத் திறப்பார், தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பார், மூடுவார். மூடிய பிறகு சொட்டுகிறதா என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு முழு நிமிடம் நிற்பார். எங்கள் பள்ளியில் மொத்தம் பதினொரு குழாய்கள். பதினொரு நிமிடம் நின்றார். பன்னிரண்டாவதாக ஒன்றை ஒளித்து வைத்திருப்போமோ என்ற சந்தேகத்தில் மாடிப்படிக்கு அடியிலும் குனிந்து பார்த்தார்.

"ஒண்ணுகூட சொட்டலயே" என்றார், குறைப்பட்டுக்கொள்வது போல.

"குழாய்ப்பணி படிக்கிற பிள்ளைங்க வாராவாரம் வாஷர் பாத்துடுவாங்க சார்."

"அத நான் கேக்கல டீச்சர். சொட்டலன்னு மட்டும் போட்டுக்கறேன்."

கல்வி வாரியத்தின் மதிப்பீட்டாளர் அவர். ஒரு காலத்தில் புவியியல் ஆசிரியராக இருந்தாராம். கடலும் மலையும் எங்கே இருக்கின்றன என்று தெரிந்தவர். இருபத்திரண்டு வருடங்களாக அவருக்கு உலகம் என்பது நாற்பத்தோரு பக்கப் படிவம். எதைச் சொன்னாலும் "அதுக்குக் கட்டம் இல்லயே" என்பதால், வந்த முதல் நாள் மதியத்துக்குள்ளேயே எங்கள் பிள்ளைகள் அவருக்குக் 'கட்டம் சார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நான் மொழிப்பாட ஆசிரியை. காட்டுவதற்கு என்னிடம் எந்திரம் எதுவும் இல்லை என்பதால் மூன்று நாளும் அவருக்குத் துணையாகப் போகச் சொன்னார்கள்.

போகும் இடமெல்லாம் சொந்தத் திண்டு ஒன்றைக் கொண்டுபோவார். பள்ளிக்கூட நாற்காலிகளைப் பற்றி அவருக்கு இருக்கும் அபிப்பிராயம் அது. தண்ணீரும் சொந்தம். பன்னிரண்டு நாற்பதுக்கு இரண்டு ரொட்டித் துண்டுகள், அதுவும் சொந்தம். டீ கொடுத்தால் கையை முன்னால் நீட்டித் தடுப்பார். "டீ குடிச்சா பாசம் வந்துடும் டீச்சர். பாசம் வந்தா மார்க்கு ஏறும்." அப்படி யார் மீதாவது அவருக்குப் பாசம் வந்து மார்க்கு ஏறியதாக வரலாறு இல்லை.

பதினொரு மணிக்கு அவர் மனைவி தொலைபேசியில் கூப்பிடுவார். அந்த உரையாடலை மூன்று நாள் கேட்டேன். "ஆமா. இல்ல. ஆமா. பொருந்தாது." வைத்துவிடுவார். என்ன கேட்டால் 'பொருந்தாது' என்று பதில் வரும் என்று யோசித்து எனக்கு ஒரு வகுப்பே வீணாகிப்போனது.

டயர் கடைக்கும் வங்கிக்கும் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் மூன்று மாடிக் கட்டடம் எங்கள் பள்ளி. நூற்றெண்பது பிள்ளைகள், நான்கு தொழில்கள்: மின்பணி, குழாய்ப்பணி, முடிதிருத்தம், கணினிப் பழுது. அந்தப் படிவத்தைத் தயாரித்த மகானுபாவரோ காட்டுக்குள் படித்தவர் போலிருக்கிறது. விளையாட்டு மைதானத்தின் பரப்பு? மொட்டை மாடியில் பிள்ளைகள் பந்து விளையாடுவதைக் காட்டினேன். "அது கூரை" என்றார். மரங்களின் எண்ணிக்கை? பழைய குழாயை அறுத்து மண் போட்டு வைத்திருந்த மணி பிளான்ட் செடியைக் காட்டினேன். அதன் தண்டை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். "செடி" என்று சொல்லிவிட்டுப் பூஜ்யம் போட்டார்.

போன வருடம் படித்து முடித்த நாற்பத்தாறு பேரில் எத்தனை பேர் கல்லூரிக்குப் போனார்கள் என்றும் ஒரு கேள்வி. ஐந்து பேர். மீதி நாற்பத்தோரு பேருக்கும் 'இதர' என்று ஒரே ஒரு கட்டம்.

"அதுல முப்பத்தெட்டு பேர் வேலையில இருக்காங்க சார். உங்க வாரிய ஆபீஸ் லிஃப்ட்டப் பராமரிக்கிறதே எங்க பழைய மாணவிதான்."

"தெரியும். நல்ல பொண்ணு. வந்ததுலேருந்து லிஃப்ட் நின்னதே இல்ல." சொல்லிக்கொண்டே அந்த நல்ல பெண்ணையும் சேர்த்து 'இதர'வில் எழுதினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிரித்து வைத்தேன்.

சிரிக்காமல் என்ன செய்வது? அறுபது மதிப்பெண் வந்தால் பள்ளி பிழைக்கும். ஒன்று குறைந்தாலும் ஒன்பது நிறுத்தம் தள்ளி இருக்கும் பெரிய பள்ளியோடு இணைத்துவிடுவார்கள். அங்கே மைதானம் உண்டு, அறுபத்திரண்டு மரங்கள் உண்டு, பட்டறை மட்டும் கிடையாது. எங்கள் எந்திரங்கள் கிடங்குக்குப் போகும். எங்கள் பிள்ளைகள் மர நிழலில் உட்கார்ந்து மின்சாரத்தைப் பற்றிப் படிப்பார்கள்.

மூன்றாம் நாள் மதியம் மூன்று மணிக்கு எங்கள் மதிப்பெண் ஐம்பத்தெட்டு. நான்கு மணிக்குப் படிவத்தை மூடி முத்திரை வைத்தாக வேண்டும். மிச்சமிருந்தது பராமரிப்புப் பகுதி ஒன்றுதான். அதற்கு இரண்டே மதிப்பெண். எங்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இந்தக் கட்டடத்தில் பராமரிப்பில் கோட்டை விட எவனாலும் முடியாது என்று மின்பணி மாஸ்டர் மார்தட்டிக்கொண்டார்.

"புகார்ப் பதிவேடு?" என்று கையை நீட்டினார் கட்டம் சார்.

தலைமையாசிரியை கொண்டுவந்து கொடுத்தார். தடித்த அட்டை, புத்தம் புதுக் காகிதம். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினார். ஒரு வரி இல்லை.

"ஒரு புகார்கூட இல்லயா?"

"எழுதறதுக்குள்ள பசங்க சரி பண்ணிடுவாங்க சார்" என்றார் மாஸ்டர் பெருமையாக.

"பழுது பதிவாகணும், சரியாகணும், கையெழுத்தாகணும். குறைஞ்சது ஒண்ணாவது இருக்கணும். இல்லேன்னா பராமரிப்பு நடக்கலன்னுதான் அர்த்தம்."

"நடக்காமயா சார் எல்லாம் ஓடுது?"

"மாஸ்டர், எங்க வீட்டுச் சமையலறைக் குழாய் மூணு மாசமா ஒழுகுது. குடியிருப்பு ஆபீஸ்ல பதினாலு புகார் கொடுத்திருக்கேன், பதினாலுக்கும் நம்பர் போட்டுக் குடுத்துட்டாங்க. அதுக்குப் பேருதான் முறை."

"குழாய் சரியாச்சா?"

"அது வேற கட்டம்."

தலைமையாசிரியை குரலைத் தாழ்த்தி, "பத்து நிமிஷம் குடுங்க சார், அம்பது புகார் எழுதித் தந்துடறேன்" என்றார். கட்டம் சாரின் காது மடல் சிவந்தது. "முன்தேதி போடறது குற்றம் மேடம். இன்னிக்கு நிஜமா ஏதாவது கெட்டிருந்தா எழுதுங்க. நாலு மணி வரைக்கும் இருக்கேன்."

அப்புறம் நடந்ததை என்னவென்று சொல்ல! மூன்று மாடியிலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒரு பழுதைத் தேடினோம். "எதாவது கெட்டுப் போயிருக்கா பாருங்க பசங்களா!" என்று மாஸ்டர் தொண்டை கிழியக் கத்தினார். முடிதிருத்தும் அறையில் ஒரு நாற்காலி ஆடுகிறது என்று சேதி வந்தது. பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் திருகை முடுக்கி, நாற்காலியை அசையாமல் நிறுத்தி, பாராட்டுக்காகப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். இரண்டாம் மாடியில் ஒரு கதவு கிறீச்சிடுகிறதாம். அங்கே ஓடினேன். மின்பணி இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி கையில் எண்ணெய்க் குப்பியோடு கதவை முன்னும் பின்னும் ஆட்டிக் காட்டினாள். சத்தமே இல்லை.

காதைப் பிடித்துத் திருகாத குறையாக அவளை இழுத்துவந்து கட்டம் சார் முன்னால் நிறுத்தினேன். "எழுதற வரைக்கும் பொறுக்க மாட்டியாடி?"

திருதிருவென்று விழித்தாள். விஷயத்தை விளக்கிச் சொன்னதும் கண் கலங்கிவிட்டது. "கெட்டுப் போனதப் பாத்துட்டு கையக் கட்டிக்கிட்டு நிக்கத் தெரியல சார் எங்களுக்கு" என்றாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கட்டம் இல்லை என்றுகூடச் சொல்லவில்லை. மணி மூன்று ஐம்பது.

"எல்லாரும் வெளிய இருங்க. கூட்டல் சரி பாக்கணும்" என்றார்.

வெளியே வந்து கதவைச் சாத்தினேன். கதவின் மேல்பாதி கண்ணாடி. நான் எட்டிப் பார்க்கிற ஜாதி. தலைமையாசிரியை சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். உள்ளே மனிதர் கூட்டல் ஒன்றும் போடவில்லை. பேனாவை மூடிவைத்துவிட்டு, தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். ஜன்னல் பக்கம் ஒரு பார்வை, கதவுப் பக்கம் ஒரு பார்வை. நான் சட்டென்று குனிந்துகொண்டேன். நிமிர்ந்து பார்க்கும்போது சுவிட்சுப் பலகை முன்னால் நின்று, விசிறியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். எங்கள் பிள்ளைகள் பொருத்தியதாயிற்றே, லேசில் வருமா? ஒரு காலைச் சுவரில் ஊன்றிக்கொண்டார். முகம் சிவக்க, திண்டு கீழே விழ, ஒரு வழியாகக் கையோடு வந்தது.

"டீச்சர்!" என்று கூப்பிட்டார். ஓடினேன். எனக்கு முன்னால் அந்தப் பெண் ஓடினாள். அவள் கண்ணுக்கு அவர் தெரியவில்லை, பலகையில் இருந்த ஓட்டைதான் தெரிந்தது. பாவாடைப் பையிலிருந்து திருப்புளியை எடுத்துவிட்டாள்.

"அங்கயே நில்லும்மா" என்றார் கட்டம் சார். "தொடாத. முதல்ல நான் எழுதிக்கறேன்."

பதிவேட்டின் முதல் பக்கத்தைத் திறந்தார். வரிசை எண் ஒன்று. நாள், நேரம். 'மதிப்பீட்டாளர் அறை. மின்விசிறிக் குமிழைக் காணவில்லை.' பிடித்துக்கொள்ள இன்னொரு கை இல்லாததால் தாள் நழுவிக்கொண்டே இருந்தது. எழுத்து கோணல்மாணலாக விழுந்தது. பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, முழங்கையால் தாளை அமுக்கிக்கொண்டு எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டார். இடது கையைக் கால்சட்டைப் பையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை.