எதிர்க்காற்றும் ஒரு மூட்டையும்

மதுரை விமான நிலையத்தில் பாரம் பார்க்கும் அதிகாரி ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் என்று தெரிந்ததும், ராஜபாளையத்துக்காரனான எனக்குத் தெம்பு வந்தது. அது கொஞ்ச நேரம்தான் நிலைத்தது. ஒல்லியான மனிதர். பேசும்போது நம் முகத்தைப் பார்க்க மாட்டார். ஜன்னலுக்கு வெளியே, ஓடுபாதை ஓரக் கம்பத்தில் தொங்கும், காற்றின் திசை காட்டும் காற்றுப்பையையே பார்ப்பார்.

என்னிடம் ஒரு மூட்டை பேண்டேஜ் துணி இருந்தது. அன்று மாலையே மெட்ராஸிலிருந்து கிளம்பும் வெளிநாட்டு வியாபாரியிடம் அதைக் காட்டியாக வேண்டும். ஆர்டர் தவறினால் எங்கள் தறிகள் நின்றுவிடும்.

“நீங்க போலாம். மூட்டை போவாது,” என்றார்.

“பிளேன்ல எடம் காலியாக் கெடக்கே அண்ணாச்சி!”

“எடம் இருக்கு. இந்த வெயிலுக்கு இம்புட்டு பாரம் தாங்காது. கெளம்பும்போது ஒரு இன்ஜின் நின்னாலும் இன்னொண்ண வச்சு மேல ஏறணும். அதான் சட்டம்.”

“ரெண்டும் நல்லாத்தான ஓடுது?”

“இப்ப ஓடுது.”

நம்மூர்ப் பால்கோவா என்று ஒரு டப்பாவை நீட்டினேன். அதையும் தராசில் வைத்தார்!

பல்லைக் கடித்துக்கொண்டு போய் விமான ஏணியில் கால் வைத்தேன். பின்னால் யாரோ ஓடி வரும் சத்தம். அவர்தான். தோளில் என் மூட்டை.

“எதிர்க்காத்து அடிக்குது, பிளேன சீக்கிரமா மேல தூக்கிரும். இப்ப தாங்கும்!”

நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் கண் காற்றுப்பையில் இருந்தது.

“சீக்கிரம் ஏறுங்க. காத்து திரும்புச்சுன்னா மறுபடி எறக்கிப்போடுவேன்.”

அந்த மனிதரை இன்றுவரை என்னால் முழுசாகத் திட்டவும் முடியவில்லை.