பண்டிகைக்கு முந்தின நாள் ஃபிரிட்ஜ்

பண்டிகைக்கு முந்தின நாள் வரைக்கும் ஃபிரிட்ஜ் மெக்கானிக் என்று ஒருவன் இருப்பதே யாருக்கும் ஞாபகம் வராது. வீட்டில் விருந்து சமைக்கிற உங்களுக்குத் தெரியாததா?

கல்கத்தாவில் முப்பது வருடமாக இந்த வேலை. பழைய ஃபிரிட்ஜ் பெட்டிகளைப் பிரித்துப் பார்த்து நானே கற்றுக்கொண்டது. இங்கே சொல்வதெல்லாம் ஒரே வருடத்தில் நடந்தவை. அப்போது என் மனைவி சரோஜாவுக்குப் புற்றுநோய் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. கெட்டுப்போன சாப்பாடு ஒரு கவளம் உள்ளே போனாலும் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அதிலிருந்து மற்றவர்கள் வீட்டு ஃபிரிட்ஜையும் வேறு கண்ணோடு பார்க்க ஆரம்பித்தேன்.

மாப்பிள்ளைத் தயிர்

பாலிகஞ்சில் ஒரு வீடு. மறுநாள் ஜமாய் சஷ்டி, மாப்பிள்ளைக்கு மாமியார் விருந்து வைக்கும் நாள். "கூலிங்கே இல்லை" என்று கூப்பிட்டார்கள். பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை. ஆவி பறக்கும் குழம்புச் சட்டியை அப்படியே உள்ளே தள்ளியிருந்தார்கள். காற்று போக இடமில்லை. மேல் தட்டில் பச்சை ஆட்டுக்கறிப் பை. அதிலிருந்து ரத்தம் கீழே இருந்த இனிப்புத் தயிரில் சொட்டிக்கொண்டிருந்தது.

குழம்பை அகலப் பாத்திரங்களில் பிரித்து ஆற்றி வையுங்கள், கறியை மூடி அடித்தட்டில் வையுங்கள், தயிரைக் கொட்டிவிடுங்கள் என்றேன். அந்த அம்மாள் கொஞ்சம் யோசித்தார். "மாப்பிள்ளைக்கு வேற வாங்கிடலாம். இதை எதுக்குக் கொட்டணும் மிஸ்திரி? எங்க வீட்டுக்காரர் சாப்பிடுவார்!"

அடுப்பு மூட்டாத நாள்

கிடர்பூரில் ஒரு துறைமுக ஊழியர் வீடு. மறுநாள் அரந்தன்; அன்று அடுப்பு மூட்ட மாட்டார்கள், முதல் நாள் சமைத்ததை ஆறியபடியே சாப்பிடுவார்கள். அதுவும் மழைக்காலப் புழுக்கத்தில். நின்றுபோயிருந்த பெட்டியைச் சாயங்காலத்துக்குள் ஓட வைத்தேன். சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் எல்லாம் உள்ளே போய்விட வேண்டும் என்றேன். சொன்ன பிறகு எனக்கே தயக்கம். "முறை தப்பாகிவிடாதா?" என்று கேட்டேன்.

மீன் வறுத்துக்கொண்டிருந்த வீட்டம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "லீவு அடுப்புக்குத்தான். ஃபிரிட்ஜுக்கு யார் லீவு கொடுத்தது?"

எதிர் ஃபிளாட் பாயசம்

நமக்குப் பொங்கல் வரும்போதுதான் இவர்களுக்கும் சங்கராந்தி. எதிர் ஃபிளாட் பௌதி (சுற்றுவட்டாரத்துக்கே அண்ணி அவர்; என்னை 'தாதா', அதாவது அண்ணா, என்பார்) ஈச்ச வெல்லப் பாயசம் கொண்டுவந்தார். எதையும் கேட்டுச் சாப்பிடுவதை மறந்துபோயிருந்த சரோஜா, "ஒரு ஸ்பூன் குடுங்களேன்" என்றாள். எப்போது செய்தது என்று பௌதியைக் கேட்டேன். "நேத்து ராத்திரி. குளிர்காலம்தானே, மேஜை மேலேயே வச்சுட்டேன்."

அவர் போனதும் தொட்டியில் கொட்டினேன். சரோஜா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நிமிர்ந்தால், மறந்துவிட்ட மூடியை எடுக்கத் திரும்பி வந்த பௌதி வாசலில் நிற்கிறார். டாக்டர் சொன்னதை சரோஜாதான் சொன்னாள். அவர் மூடியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அரை மணி நேரம் கழித்துக் கதவு தட்டினார். கையில் பால் பாக்கெட், அரிசி, வெல்லம். "தள்ளுங்க தாதா. சரோஜா பார்க்கப் பார்க்கக் காய்ச்சறேன். இறக்கின சூட்டோட அவ சாப்பிடட்டும்."

ஊரார் ஃபிரிட்ஜையெல்லாம் குறை சொல்லித் திரிந்தவன் வீட்டில், அந்தப் பொங்கலுக்கு ஃபிரிட்ஜில் எடுத்து வைக்க ஒரு கரண்டிகூட மிஞ்சவில்லை.