ப்ராஜெக்ட் சீசன்

திருத்தங்கலில் காலண்டர் ஆர்டர்கள் முடிந்த கையோடு ப்ராஜெக்ட் சீசன் ஆரம்பித்துவிடும். கல்லூரிக்குப் பக்கத்து டைப்பிங் கடையில், பட்டாசு லேபிள் டிசைன் செய்த அதே கம்ப்யூட்டரில் கல்லூரிப் பிள்ளைகளின் ஆய்வேடுகள் தயாராகும். தலைப்பைச் சொல்லிவிட்டு வந்தால் போதும். அட்டவணை, முடிவுரை, தங்க எழுத்து பைண்டிங் எல்லாம் கடைக்காரர் பொறுப்பு. அவர் பழைய ஃபைலைத் திறந்து பெயரையும் ரோல் நம்பரையும் மாற்றுவார், அவ்வளவுதான். ஒரே பட்டாசை வேறு வேறு லேபிள் ஒட்டி விற்பது எங்கள் ஊருக்குப் புதிதா என்ன? பொருளாதாரத் துறையில் நான் தற்காலிக ஆசிரியை. வருஷா வருஷம் இந்தக் குப்பையில் கையெழுத்துப் போட்டுப் போட்டு எனக்கு வெறுத்துப் போயிருந்தது.

போன வருஷம் தாயில்பட்டியிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு பெண் மட்டும், நானே எழுதுகிறேன் மிஸ் என்றாள். அவளுடைய அம்மாவுக்குப் பட்டாசுக் கம்பெனியில் திரி வைக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் தெருப் பெண்களையெல்லாம் உட்காரவைத்துக் கேட்டு, கைப்பட எழுதிக்கொண்டு வந்தாள். நடுவில் ஒரு பத்திக்கு ‘என் அம்மா சொன்னது’ என்று தலைப்பு.

"காலையில ரூமுக்குள்ள போறப்ப செருப்பை வாசல்லயே கழட்டிப் போட்டுருவோம். சாயங்காலம் வெளிய வந்து, மிஞ்சின செருப்பு ஏதும் கிடக்கான்னு ஒரு பார்வை பாத்துட்டுத்தான் பஸ் ஏறுவோம். மிஞ்சலைன்னா எல்லாரும் வந்துட்டோம்னு அர்த்தம்."

படித்து முடித்ததும், இதில் ஒரு எழுத்தையும் மாற்றாதே என்றேன். பாஸானால் மதுரையில் மேற்படிப்பு, இல்லாவிட்டால் அம்மாவோடு அதே பஸ்ஸில் கம்பெனிக்கு என்று அவள் வீட்டில் பேசி வைத்திருந்தார்கள்.

டைப் செய்ய அவளிடம் கம்ப்யூட்டர் ஏது? அந்தக் கடையில்தான் கொடுத்தாள். அங்கே ஏறிய ஃபைல் அடுத்தவருக்கும் போகும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

வைவா அன்று வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ரோல் நம்பர் வரிசையில் கூப்பிட்டார். முதலில் போன பையன் பெரிய வியாபாரக் குடும்பம். பைண்டிங்கைத் தடவிப் பார்த்துவிட்டு, பேருக்கு ஏதோ கேட்டு மார்க் போட்டு அனுப்பினார். அடுத்தவனும் அப்படியே தப்பித்தான். இவள் முறை வந்தபோது பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர் அந்தப் பத்தியில் நின்றார். முன்னால் பார்த்த இரண்டையும் எடுத்துப் பிரித்து வைத்தார்.

"செருப்புக் கதை மூணுலயும் இருக்கு. மூணுலயும் ‘என் அம்மா சொன்னது’ன்னு வேற போட்டிருக்கு. உங்க எல்லாருக்கும் ஒரே அம்மாவா?"

எல்லாரும் சிரித்தார்கள். துறைத் தலைவரும் சிரித்தார்.

"அது எங்கம்மா சொன்னதுதான் சார்" என்றாள் அவள்.

கையெழுத்திலேயே நான் படித்திருக்கிறேன், திருட்டு நடந்தது கடையில் என்று எழுந்து சொன்னேன். அந்தக் கையெழுத்துப் பிரதி எங்கே என்றார் தேர்வாளர். கடைக்குப் போன் போட்டேன். "டைப் அடிச்சதும் கிழிச்சுப் போட்டுருவோம் மிஸ். அதையெல்லாம் யாரு வச்சிருக்காக?" என்றார் கடைக்காரர். முதல் இருவருக்கும் மார்க் போட்டாயிற்று, இனி திருத்த முடியாது என்று தேர்வாளர் கைவிரித்தார்.

துறைத் தலைவர் என்னை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனார். "கடைப் பேரை எடுத்தீகன்னா அம்புட்டுப் பேரையும்ல நிறுத்தணும்? ரிசல்ட் என்னாகும்? அந்தப் புள்ளைய வேற ஒண்ணு வைக்கச் சொல்லுங்க. நாளைக்கே சார் பாத்துருவாரு."

நான் கத்தினேன். முதல்வர் அறைவரை போனேன். அங்கேயும் அதே பதில்தான், இன்னும் கொஞ்சம் மரியாதையான தமிழில்.

மறுநாள் அவள் புது ப்ராஜெக்டோடு வந்தாள். அதே கடையின் தங்க எழுத்து மின்னியது. ஏதோ வெளியூர்ப் பனியன் கம்பெனியைப் பற்றியது. அந்த ஊருக்கு அவள் போனதே கிடையாது. தேர்வாளர் மேலோட்டமாகப் புரட்டினார். "இப்பத்தான் ஒழுங்கா இருக்கு. இதை முதல்லயே செஞ்சிருக்கலாம்ல?" என்று மார்க் போட்டார். அவள் தலையாட்டினாள்.

வெளியே வந்ததும், "பாஸாயிட்டே, இனி மதுரைக்குப் போலாம். அம்மாகிட்டச் சொல்லிட்டியா?" என்று கேட்டேன். வேறு என்னதான் கேட்பது?

"அம்மா நேத்துப் பூரா அழுதாக மிஸ். கடையில திருடிட்டாகன்னு எம்புட்டோ சொல்லிப் பாத்தேன், காதுலயே வாங்கலை. ‘எனக்கு விவரம் பத்தாதுடி, நான்தான் ஏதோ தப்பாச் சொல்லி உன் படிப்பைக் கெடுக்கப் பாத்தேன்’னு அதையே சொல்லிக்கிட்டு இருக்காக."