படிப்பு விடுமுறை

முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பிறகு நிம்மதியாகப் பேசலாம். கல்லூரி வாசலில் இருந்த கரும்பலகையை மாணவர்கள்தான் படிக்கிறார்கள் என்று நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். உண்மையில் மாணவர்களைத் தவிர மற்ற எல்லோரும் படித்துக்கொண்டிருந்தார்கள்.

எழுபதுகளின் கடைசி. உத்திரமேரூரைத் தாண்டிச் சாலையை ஒட்டி எங்கள் கல்லூரி. வாசலுக்கு எதிரே பஸ் நிற்கும் இடம், அதை ஒட்டி ஒரு டீக்கடை. காம்பவுண்டுச் சுவரில் ஒரு பகுதியை வழவழப்பாகப் பூசிக் கறுப்புச் சாயம் அடித்திருந்தார்கள். அதுதான் பலகை. அதில் அறிவிப்பு எழுதும் வேலை, பொருளாதாரம் நடத்திக்கொண்டிருந்த என் தலையில் விழுந்தது. "உங்க கையெழுத்து நல்லா இருக்கு" என்றார் முதல்வர். மற்றவை எப்படி இருக்கின்றன என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அறிவிப்புக்குக் கீழே ஒரு வரி அறிவுரை எழுதுவது மட்டும் என் சொந்தச் சேர்க்கை. 'வெள்ளிக்குள் பீஸ் கட்டவும்' என்று எழுதிவிட்டு, அதன் கீழே, 'கட்டியவர் வகுப்புக்கு வரலாம். வந்தவர் விழித்திருக்கலாம்' என்று எழுதுவேன். எழுதிவிட்டுச் சாலையைக் கடந்துபோய், டீக்கடையில் நின்று, யாராவது சிரிக்கிறார்களா என்று பார்ப்பேன். அவ்வளவு பெரிய மனிதன் நான்.

இந்த வரிகளை முதல் நாள் சாயங்காலமே வீட்டில் படித்துக் காட்டுவது வழக்கம். என் மனைவி காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள். "இது வேணாம்." "இதைப் பெத்தவங்க பாத்தா தப்பா எடுத்துப்பாங்க." "இதுக்கு நீங்க ஒருத்தர்தான் சிரிப்பீங்க." பலவும் அருவாமனைக்கு அந்தப் பக்கம் போய்விடும். தப்பித்தது பலகைக்கு வரும்.

ஒரு வருடம் மே மாதக் கடைசியில் அவள் இறந்துபோனாள். மஞ்சள் காமாலை. ஜூனில் கல்லூரி திறந்தது. நானும் போனேன்.

அழுதுவிடுங்கள், அழுதால் சரியாகிவிடும் என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். அழ ஆட்சேபணை ஒன்றுமில்லை, வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தேன். தட்டினால் சத்தம் கேட்டது, வேறொன்றும் இல்லை. குறைந்து செல் பயன்பாட்டு விதியை வருடா வருடம் இட்லியை வைத்துத்தான் நடத்துவேன். முதல் இட்லி அமிர்தம், மூன்றாவது ருசி, ஆறாவது கடமை, எட்டாவது தண்டனை. வகுப்பு சிரிக்கும். அந்த வருடமும் சிரித்தது. அன்று காலை ஓட்டலில் நான் தின்ற முதல் இட்லியே எட்டாவதாக இருந்ததை நான் சொல்லவில்லை. பாடத்திட்டத்தில் அது இல்லை.

அந்த வருடம் பி.ஏ. மூன்றாம் ஆண்டில் சாலவாக்கம் பக்கத்திலிருந்து ஒரு பெண் படித்துக்கொண்டிருந்தாள். ஜூன் முதல் வாரத்தில் அவளுடைய அப்பா அவளைக் கூட்டிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். ஏரிப் பாசனத்தில் ஒரு காணி நிலம், தானே உழுது தானே அறுக்கிற ஆள். மனைவி இல்லை. மூத்த மகளைத் திருத்தணிப் பக்கம் கட்டிக்கொடுத்தாயிற்று.

"இது கடேசி வருசம் சார். பாஸ் பண்ணிச்சின்னா மேல வாத்தியார் படிப்பு படிக்கட்டும், நான் தடுக்க மாட்டேன். பரீட்சை தவறிச்சின்னா அடுத்த தபா எல்லாம் கெடையாது. வூட்ல ஆள் இல்ல சார்."

"நல்லாப் படிக்கிற பொண்ணுங்க. தவறாது."

"நீ வாயால சொல்ற. நான் போர்டப் பாத்துக்கறேன்."

அப்போதுதான் தெரிந்தது, அவர் என் நிரந்தர வாசகர் என்று. முதியோர் கல்வியில் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டவர். அன்றிலிருந்து லாரி முதுகு, ரைஸ்மில் சுவர், சோப்பு உறை எதையும் விடுவதில்லை. உரம் வாங்க வரும்போதெல்லாம் டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு பலகைக்கு முன்னால் நிற்பார். ஒரு விரல் காற்றில் எழுத்து எழுத்தாக நகரும். "வாயால இன்னா வோணா சொல்லிக்கலாம் சார். எழ்தறவன் ரோசன பண்ணித்தான எழ்துவான்?" என்றார். அந்தப் பெண் எங்கள் இருவரையும் பார்க்காமல் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் யோசனை செய்துதான் எழுதினேனா என்றால், இல்லை. அந்த வருடம் கை எழுதியது, நான் பக்கத்தில் நின்றேன். படித்துக் காட்ட வீட்டில் ஆள் இல்லாததால் நேராகவே பலகையில் எழுதிவிடுவேன். மழைக்காலத்தில், 'ஏரி நிரம்பிவிட்டது. உங்கள் நோட்டுகள் எப்போது?' பொங்கல் விடுமுறைக்கு முன், 'கரும்பைக் கடிக்கவும். சக மாணவரைக் கடிக்க வேண்டாம்.' எதுவும் எனக்குச் சிரிப்பாக இல்லை. ஆனால் எழுதாமல் விட்டால் முதல்வர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஆறுதல் சொல்வார் என்று பயமாக இருந்தது.

பிப்ரவரியில் தேர்வுத் தேதி வந்தது. தேதியை எழுதி, கீழே இப்படி எழுதினேன்: 'பரீட்சைக்குப் பயப்பட வேண்டாம். நீங்கள் எங்கே ஒளிந்தாலும் அது உங்களைத் தேடி வரும்.'

மார்ச் கடைசியில் வகுப்புகள் முடிந்தன. மற்ற வருடங்களில் 'நாளை முதல் ஸ்டடி ஹாலிடேஸ்' என்று எழுதுவோம். அந்த வருடம் அறிவிப்புகள் தமிழில் இருக்கட்டும் என்று முதல்வர் சொல்லியிருந்தார். எனக்கென்ன, வார்த்தைக்கு வார்த்தை எடுத்துவைத்தேன். 'நாளை முதல் படிப்பு விடுமுறை. அனைவரும் நன்றாகப் பயன்படுத்திக்கொள்க.' என் மனைவி இருந்திருந்தால் கத்திரிக்காயிலிருந்து கண்ணை எடுக்காமலேயே கேட்டிருப்பாள், "படிக்கவா, படிப்புக்கா?" என்று. கேட்க ஆள் இல்லை. சாக்பீஸ் தூசியைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

தேர்வுக்கு முன்பு எல்லோரும் வந்து ஹால் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு போனார்கள். ஒன்று மட்டும் என் மேஜையில் மிஞ்சியது, சாலவாக்கத்துப் பெண்ணுடையது. அதன் மேல் பேப்பர் வெயிட்டை வைத்தேன். சுவரில் இருக்கும் பல்லியைப் பார்ப்பதுபோல அவ்வப்போது அதைப் பார்த்தேன். அதன் மூலையில் ஒட்டியிருந்த படத்தில் அவள் முறைத்துக்கொண்டிருந்தாள். வரும், வந்து வாங்கிக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை முதல் தேர்வு. சனிக்கிழமை காலை டீக்கடையில் சாலவாக்கம் பஸ் கண்டக்டர் நின்றுகொண்டிருந்தார். பேச்சுவாக்கில் அவரைக் கேட்டேன்.

"அந்தப் பொண்ணா? அது போயி ரொம்ப நாளாச்சே சார். மூட்ட முடிச்சோட நைனாவும் பொண்ணும் நம்ம வண்டிலதான் வந்து எறங்கினாங்கோ. அக்கா வூட்டுக்குப் போவுதாம், திருத்தணிக்கு."

"திங்கட்கிழமை பரீட்சைய்யா."

"காலேஜுல படிப்புக்கே லீவ் வுட்டாச்சின்னாரே. போர்டுல நீங்கதான் எழ்தினீங்களாமே?"

கேட்டதும் பதறிப்போனேன் என்று எழுத ஆசைதான். பதறவில்லை. டீக்குக் காசு கொடுத்தேன். சில்லறையை எண்ணாமல் பையில் போட்டேன். அந்த பஸ்ஸிலேயே ஏறி உட்கார்ந்திருந்தேன். எதற்கு ஏறினோம் என்று வண்டி நகர்ந்த பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். ஹால் டிக்கெட் மேஜையிலேயே கிடந்தது. போகிற காரியத்துக்கு வேண்டிய ஒரே பொருளை விட்டுவிட்டுப் போகிற திறமை எனக்கு எப்போதும் உண்டு.

பெண்ணின் அப்பா ஊரில் நவரைப் பட்ட நெல் அறுவடை நடந்துகொண்டிருந்தது. களத்தில் கட்டு அடித்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் தலையிலிருந்த துண்டை அவிழ்த்தார்.

"வா சார், வா. இந்த வெயில்ல இன்னா இவ்ளோ தூரம்? குந்து." காலிக் கோணி ஒன்றை உதறிப் போட்டார்.

"உங்க பொண்ணு எங்கேங்க?"

"பெரியவ வூட்ல. அதுக்கு மாசம் ரொம்பிடுச்சி, கூட ஆள் வோணும்ல? நீதான் லீவ் வுட்டுட்டியே."

"நான் லீவ் விடலைங்க."

"இன்னா சார் வெளையாடற? நானே படிச்சேன். பள்ளி விடுமுறைன்னா பள்ளிக்கு லீவு. படிப்பு விடுமுறைன்னா படிப்புக்கு லீவு. நான் படிச்சது சரியா, தப்பா?"

"சரிதான். ஆனா…"

"கீய இன்னா எழ்தன? நல்லா பயன்படுத்திக்கச் சொன்ன. பயன்படுத்திக்கினேன்."

"அது வீட்ல உட்கார்ந்து படிக்கறதுக்காக விடற லீவுங்க."

அவர் கையிலிருந்த கட்டைக் கீழே வைத்தார்.

"லீவ் வுட்டாத்தான் படிக்க முடியும்னா, இத்தினி மாசமா காலேஜுல இன்னா சார் பண்ணிக்கினு இருந்தீங்கோ?"

தூற்றிக்கொண்டிருந்த பெண்கள் முறத்தைப் பிடித்தபடியே சிரித்தார்கள். இந்தக் கேள்விக்குப் பதிலை இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன். கல்லூரிக் கல்வி பற்றி எத்தனையோ கருத்தரங்குகளில் உட்கார்ந்திருக்கிறேன், அங்கேயும் கிடைக்கவில்லை.

"பரீட்சை இருக்குன்னு பொண்ணு சொல்லலையா?"

"சொல்லிச்சி. அழ்துச்சி கூட. 'நைனா, பரீட்சை கீது, நான் போவ மாட்டேன்'னு தூணப் புடிச்சிக்கினு நின்னுச்சி. நான்தான் சொன்னேன், அழ்வாத, நீ எங்க இருந்தாலும் அது உன்னத் தேடி வரும், சாரே எழ்தி கீறாருன்னு. பெரியவ வூட்டு அட்ரஸ காலேஜுல குடுத்துட்டுப் போலாமான்னு கூட கேட்டேன். அதுக்கு இன்னும் அழ்துச்சி."

"அது… தமாஷுக்கு எழுதினதுங்க."

"இன்னாது?"

"தமாஷு. சும்மா, சிரிக்கறதுக்கு."

பெண்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன், கோபப்பட்டிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். சோப்பு உறையில் கூட இப்படிச் செய்ய மாட்டார்களே என்பது மாதிரி ஒரு பார்வை.

"எது தமாஷு, எது நெசம்னு நான் எப்டி சார் கண்டுக்கறது? ரெண்டையும் ஒரே சாக்பீஸ்லதான எழ்தற?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. வாய்க்காலில் கை கால் கழுவிக்கொண்டு சட்டையைப் போட்டார். அடித்தது பாதி, அடிக்காதது பாதியாக நெல் கிடந்தது. பக்கத்துக் களத்தில் இருந்த தன் அக்காவைக் கூப்பிட்டு, "யக்கா, நீ வா, பெரியவ வூட்ல இரு. நான் சின்னத இட்டுனு வரணும்" என்றார். அவள் இடுப்பில் சொருகியிருந்த புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு அப்படியே கிளம்பினாள். நான் வந்த அதே கண்டக்டரின் வண்டி திரும்பி வந்து நின்றது. எல்லோரும் ஏறினோம். அவர் எனக்கு முன் சீட்டில் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். எனக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கினார்.

இந்த இடத்தில் என் நெஞ்சு உருகியது, மரத்துப் போயிருந்தது விழித்துக்கொண்டது என்று ஏதாவது வந்தால் பொருத்தமாக இருக்கும். வந்தது தும்மல்தான். நெல் தூசி. உத்திரமேரூர் வரும்வரை தும்மிக்கொண்டே வந்தேன்.

திங்கட்கிழமை காலை மணி அடிக்கச் சற்று முன்பு அவள் வந்தாள். பயணத்தில் கசங்கிய தாவணி, கையில் ஒரு பேனா. நான் ஹால் டிக்கெட்டை நீட்டினேன். ஏதாவது சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தேன். தமாஷ்தான் வரும்போல் இருந்தது, மூடிக்கொண்டேன். அவள் டிக்கெட்டை வாங்கி, அதிலிருந்த எண்ணை வாய்க்குள் ஒருமுறை படித்துவிட்டு உள்ளே போனாள்.

அன்று பலகையில் 'தேர்வு காலை பத்து மணி' என்று மட்டும் இருந்தது. "கீய ஒண்ணும் காணோமே, ஒடம்பு சரியில்லியா சார்?" என்று கண்டக்டர் கேட்டார். தேர்வுகள் முடிந்ததும் சாக்பீஸ் டப்பாவைக் கொண்டுபோய் விளையாட்டு ஆசிரியரிடம் கொடுத்தேன். அவர் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். ஆனால் எழுதினது எழுதின அர்த்தத்தில் இருக்கும்.

ஜூன் மாதம் ரிசல்ட் வந்தது. அவள் எண் இருந்தது. இரண்டு முறை பார்த்தேன். பிறகு இன்னொருவரை விட்டும் பார்க்கச் சொன்னேன், என் கண்ணை நான் அந்த வருடம் அவ்வளவாக நம்பவில்லை. வாசலுக்கு வந்தபோது எதிரே டீக்கடையில் அவளுடைய அப்பா நின்றிருந்தார். காலடியில் உர மூட்டை. சாலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்க்காமல் கடந்தேன். ஒரு சைக்கிள்காரர் என்னைத் திட்டிவிட்டுப் போனார்.

"உங்க பொண்ணு பாஸுங்க!"

அவர் டீயைக் கீழே வைத்தார். என் வாயைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் எட்டி, சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த சுவரைப் பார்த்தார். அதில் விளையாட்டு ஆசிரியரின் கையெழுத்தில் பீஸ் கட்டும் தேதி மட்டும் இருந்தது.

"நெஜமாத்தாங்க. தமாஷ் இல்ல. பாஸ்."

"போர்டுல எழ்து சார், படிச்சிக்கறேன்."