வாத்தக்காவின் பெல்ட்

நானும் அம்மாவும் சேர்ந்து கடைசியாகச் செய்த வேலை, ஒரு பெல்ட்டைப் போட்டுப் பார்த்தது.

நான் அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா முக்காலியில் உட்கார்ந்து, என் இடுப்பெலும்பைச் சுற்றிக் கனமான வார் ஒன்றை இழுத்தாள். இரண்டு முனைகளும் சேரவில்லை. இன்னும் இழுத்தாள்.

"அம்மா, மூச்சு முட்டுது."

"வயித்தைக் கொஞ்சம் உள்ள இழுடி."

"உள்ள ஆள் இருக்கும்மா."

வாயில் கடித்திருந்த குண்டூசிகளைக் கையில் துப்பிவிட்டுச் சிரித்தாள். பிறகு வாரைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"சீட்டுக்கு வெட்டுற மாதிரியே வெட்டித் தொலைச்சிருக்கேன்."

அம்மா பேருந்து இருக்கைகளுக்கு உறை தைப்பவள். அந்தத் தொழிலில் உறையை எப்போதும் ஃபோமைவிட ஒரு விரல் குறைவாகத்தான் வெட்டுவார்கள். அப்போதுதான் சுருக்கம் விழாமல் விறைப்பாக நிற்கும். என் இடுப்பை அளந்துவிட்டு, பழக்கதோஷத்தில் அதிலும் ஒரு விரலைக் குறைத்திருக்கிறாள். ஃபோம் வளராது. நான் வாராவாரம் வளர்ந்துகொண்டிருந்தேன்.

எனக்கு ஏழாவது மாதம். தொடைகள் சேருமிடத்தில், முன் எலும்பில் வலி. படுக்கையில் புரண்டால் யாரோ எலும்பை இரண்டாகப் பிளப்பது போல இருக்கும். மாடிப்படி ஏறினால், காரிலிருந்து ஒரு காலை மட்டும் முதலில் வெளியே வைத்தால், நின்றபடி உடை மாற்றினால், அதே வலி. நான் பாலங்களைச் சோதிக்கும் பொறியாளர். வேலையில் பாதி நேரம் ஏணியில்தான். அலுவலகத்தில் சொன்னால் மேசையில் உட்கார வைத்துவிடுவார்கள் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அம்மா என் நடையைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

"என்னடி, வாத்து மாதிரி நடக்குற?"

கேட்டுவிட்டு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஏனென்றால் வாத்து என்பது பட்டறையில் அவளுடைய பட்டப்பெயர்.

என்னைச் சுமந்தபோது அவளுக்கும் இதே வலி. பட்டறையில் அவள் தைத்த மெஷினுக்கு அடியில் ஒரு தகடு உண்டு. துணியைத் திருப்பும்போதெல்லாம் வலது முழங்காலால் அதை வெளிப்பக்கமாகத் தள்ள வேண்டும். அப்போதுதான் துணியை அழுத்திப் பிடிக்கும் இரும்புப் பாதம் மேலே எழும்பும். ஒரு சீட்டுக்குள் எத்தனையோ திருப்பம். ஒவ்வொரு திருப்பத்துக்கும் அவள் உயிர் போய்ப் போய் வந்திருக்கிறது.

மேஸ்திரியிடம் சொல்லியிருக்கிறாள். பட்டறையே கேட்கும்படி அவர் சொன்ன பதில்: "வாயும் வயிறுமா இருக்கறவ எல்லாருக்கும் வலிக்கும். நீ மட்டும் ஏன் நடிக்கிற? முடியலன்னா எந்திரிச்சுப் போ, மெஷினுக்கு ஆள் நிக்குது."

அப்பாவுக்கு அப்போது நிலையான வேலை இல்லை. அம்மா எழுந்து போகவில்லை. சீட் உறைக்கான ரெக்சின் துண்டு ஒன்றால் இரண்டு முழங்கால்களையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். தகட்டில் ஒரு வாரைக் கட்டி, மேசை விளிம்பு வழியாக மேலே கொண்டுவந்து, கையால் இழுத்துப் பாதத்தைத் தூக்கினாள்.

"பட்டமா விடுற?" என்றார் மேஸ்திரி.

"ஆமாண்ணே. நூலு உங்க கையில இல்ல, அதான் உங்களுக்குக் கடுப்பு."

ஸ்டூலின் மேல் ரெக்சினின் வழவழப்பான பக்கம் மேலே வருமாறு ஒரு துண்டைப் போட்டாள். அதில் உட்கார்ந்தால் கால்களைப் பிரிக்காமல் உடம்போடு சேர்ந்து திரும்பலாம். இதையெல்லாம் யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. எல்லாமே சரியாகவும் வரவில்லை. வலிக்கு நல்லது என்று தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்து, எழ முடியாமல் இரண்டு பேர் தூக்கிவிட்ட கதையையும் அவளே சொல்வாள்.

நான் பிறந்து சில மாதங்களில் வலி போய்விட்டது. நடையும் சரியாகிவிட்டது. பெயர் மட்டும் போகவில்லை. வாத்து, பிறகு வாத்தக்கா. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்குக் காரணமே தெரியாது. அம்மாவும் கூப்பிட்டால் திரும்புவாள், சிரிப்பாள். 'நடிப்பு' என்ற சொல்லை மட்டும் அவள் மறக்கவில்லை. நான் சின்ன வயதில் வயிற்றுவலி என்று பள்ளிக்கு மட்டம் போடப் பார்த்தால்கூட, "நடிக்காதே" என்று ஒருநாளும் சொன்னதில்லை. வீட்டிலேயே படுக்க வைத்துவிடுவாள்.

பெல்ட் தைப்பதற்கு முந்தைய வாரம் என்னை பிசியோதெரபி அறைக்கு இழுத்துப்போனதும் அவள்தான். கார் இருக்கையில் ஒரு ரெக்சின் துண்டைப் போட்டு, "காலைச் சேத்து வச்சுக்கிட்டு அப்படியே திரும்பு" என்று இறக்கினாள்.

பிசியோதெரபிஸ்ட் சின்னப் பெண். மேசையில் இடுப்பெலும்பின் பிளாஸ்டிக் மாதிரி இருந்தது. முன்பக்க இணைப்பைத் தொட்டுக் காட்டி, கர்ப்பத்தில் இது கொஞ்சம் தளரும், இரண்டு பக்கமும் ஒரே அளவில் அசையாதபோது வலிக்கும் என்றாள். எனக்குப் புரிந்தது. பாலத்திலும் இணைப்பில் இடைவெளி இருக்கும். இடைவெளி கோளாறு அல்ல. ஒரு பக்கம் மட்டும் அதிகம் ஆடுவதுதான் கோளாறு.

அவள் சொல்லிக்கொண்டே போனாள். முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்துப் படுங்கள். உட்கார்ந்து உடை மாற்றுங்கள். படியில் ஒவ்வொன்றாக ஏறுங்கள். ஒற்றைக்காலில் நிற்காதீர்கள். ஏணி வேண்டாம், அலுவலகத்துக்குக் கடிதம் தருகிறேன். பெல்ட்டை வயிற்றில் அல்ல, கீழே எலும்பின் மேல் போடுங்கள்.

அம்மா எதையும் கேட்ட மாதிரி தெரியவில்லை. அந்தப் பிளாஸ்டிக் எலும்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, இது எல்லாருக்கும் வருமா?"

"எல்லாருக்கும் இல்லம்மா. நிறையப் பேருக்கு வரும்."

"மெஷின்ல முழங்காலை இப்படி வெளிய தள்ளித் தள்ளித் தச்சா?"

அந்தப் பெண் முகத்தைச் சுளித்தாள். "ஐயோ. அதைத்தான் செய்யவே கூடாது. யாரு செஞ்சாங்க?"

அம்மா எலும்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அந்த இணைப்பைக் கட்டைவிரலால் தடவினாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"அப்ப நான் நடிக்கலடி."

"நீ நடிச்சேன்னு யாரும்மா இப்ப சொன்னாங்க?"

"இப்ப யாரும் சொல்லல."

வழியெல்லாம் அம்மா அதையேதான் பேசினாள். மேஸ்திரிக்கு இப்போது முழங்கால் வலி. வேலையை விட்ட பிறகும் தினமும் காலையில் பட்டறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். "தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தானே தெரியும்" என்றாள். பிறகு, "சண்டைக்குப் போகல. நடிக்கலன்னு சொல்லிட்டு வரணும், அவ்வளவுதான். என்னை மட்டுமா சொன்னாரு, எனக்கப்புறம் வந்த பிள்ளைங்களையும்தான சொன்னாரு" என்றாள்.

கடையில் விற்கும் பெல்ட்டை அவள் வாங்க விடவில்லை. "இருக்கைக்கே வார் தைக்கிறவ, உன் இடுப்புக்குத் தைக்க மாட்டேனா?" அப்படித் தைத்ததுதான் அந்த ஒரு விரல் குறைந்த பெல்ட்.

அதைப் போட்டுப் பார்த்த அன்று மாலை, வார் முடியும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டாள். ஒட்டுத் துண்டு வைக்க இன்னும் கொஞ்சம் வாரும், அகலமான பக்கிள் ஒன்றும் வேண்டும். இரண்டும் பட்டறையில் கிடைக்கும்.

"நாளைக்குப் போறேன். போற வேலையோட அந்த வேலையும் முடிஞ்சிரும்."

"மேஸ்திரிகிட்ட என்ன சொல்லப் போற?"

"அதை அங்க போய்தான் யோசிக்கணும். நீ காலைச் சேத்து வச்சுப் படு."

மறுநாள் காலை அம்மா எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்றார்கள்.

பட்டறையிலிருந்து எல்லோரும் வந்தார்கள். மேஸ்திரியை இரண்டு பேர் பிடித்து அழைத்து வந்தார்கள். அவர் அம்மாவின் கால்மாட்டில் வெகுநேரம் நின்றார். "நல்ல கை, வாத்துக்கு" என்றார். எழுந்து அவர் பக்கத்தில் போக நினைத்தேன். தரையிலிருந்து எழுவதற்குள் அவரை வெளியே கூட்டிப் போய்விட்டார்கள்.

நான் இப்போது ஏணி ஏறுவதில்லை. அலுவலகத்தில் கடிதத்தைக் கொடுத்தேன், வலிக்கிறது என்று வாய்விட்டும் சொன்னேன். தலையணை வைத்துப் படுக்கிறேன். அப்பா காரில் ரெக்சின் துண்டைப் போட்டுவைக்கிறார்.

பெல்ட் அலமாரியில் தொங்குகிறது. சாக்பீஸ் கோடு அழியவில்லை. ஒட்டுவதற்கு வார் வரவில்லை, பக்கிளும் வரவில்லை. மேஸ்திரியிடம் யாரும் இன்னும் சொல்லவில்லை.