பார்க் இல்லாத வண்டி

என் கணவருக்குப் பழைய அமெரிக்க வண்டி என்றால் உயிர். எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல். ரிட்டயர் ஆனதும் மற்றவர்கள் கோயில் குளம் என்று கிளம்புவார்கள். இவர் கலிஃபோர்னியாவில், எங்கள் பிளசன்டன் வீட்டு கராஜிலேயே குடியிருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் எண்ணெய்க் கையோடு வந்து நிற்பார்.

முதலில் வைத்திருந்தது ஐம்பதுகளின் தொடக்கத்தில் வந்த ஆட்டோமேட்டிக். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் கியர் லீவர் நீட்டிக்கொண்டிருக்கும். நிறுத்தின வண்டியைப் பூட்டிவைக்கிற ‘பார்க்’, அந்த P என்ற எழுத்தே அதில் கிடையாது. இன்ஜினை அணைத்துவிட்டு லீவரை ரிவர்ஸுக்கான R-க்குத் தள்ளினால் உள்ளே ஒரு கொக்கி விழுந்து சக்கரம் பூட்டிக்கொள்ளும். வருஷக்கணக்காக அதில் பழகிய கை அவருடையது. அப்புறம் அதை விற்றுவிட்டு, கூரை திறக்கிற இன்னொன்றை வாங்கினார். அது சில வருஷம் பிந்தியது. லீவருக்குப் பதில் டாஷ்போர்டின் இடது ஓரத்தில் பட்டன்கள். மிக்ஸி மாதிரி அழுத்த வேண்டும். இதிலும் P கிடையாது. ஆனால் இன்ஜினை அணைத்துவிட்டு R-ஐ அழுத்தினால் இதில் ஒரு புண்ணியமும் இல்லை, வண்டி பாட்டுக்கு உருளும். ஹேண்ட் பிரேக் இழுத்தால்தான் நிற்கும்.

“ரெண்டும் ஆட்டோமேட்டிக்தானே, அப்படி என்னங்க பெரிய வித்தியாசம்?” என்று ஒருநாள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். சாம்பார் பொங்கி வழிகிறவரை விளக்கினார்.

அப்படி விளக்கிய மனுஷன்தான் போன வருஷத்திலிருந்து தடுமாற ஆரம்பித்தார். பட்டன் வண்டியில் உட்கார்ந்துகொண்டு கை லீவரைத் துழாவும். ஒரு தடவை வாசலில் நிறுத்திய வண்டி தானாக இறங்கிப் போய் மெயில்பாக்ஸை முட்டியது. எங்கள் மகன் இங்கேயே பிறந்தவன். தமிழ் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். “அம்மா, ஹி ஷுட் ஸ்டாப் டிரைவிங். ஐ’ம் டேக்கிங் த கீ” என்றான்.

“உன் கல்யாணம் முடியற வரைக்கும் வாயத் தொறக்காத” என்றேன். அந்தக் கல்யாணத்தில் இவர் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். ஜானவாசத்துக்கு, அதுதான் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு, மகனைத் தன் வண்டியில் உட்காரவைத்துத் தானே ஓட்ட வேண்டும். அதற்கு முன்னால் சாவியைப் பிடுங்கினால் மனுஷன் உடைந்துபோவார் என்று எனக்குத் தெரியும்.

ஜானவாசம் அன்று சாயங்காலம், மண்டபத்து பார்க்கிங் லாட்டின் மேல்பக்கம் வண்டி பூவும் சரமுமாகக் கீழே பார்த்து நின்றது. லாட் லேசான சரிவு. கீழ்க்கோடியில் குழந்தைகள் சோப்புக் குமிழி ஊதிக்கொண்டிருந்தார்கள். கிளம்புகிற நேரத்தில் சாஸ்திரிகள், “டயருக்கு எலுமிச்சம்பழம் வெச்சேளா?” என்றார். இவர் இன்ஜினை அணைத்து, ஏதோ பட்டனை அழுத்திவிட்டு இறங்கினார். தானே குனிந்து சக்கரத்துக்குச் சக்கரம் பழம் வைத்தார். நிமிர்ந்து ஒதுங்கி வேஷ்டியைச் சரிசெய்துகொண்டார். பின் சீட்டில் மாலையோடு ஏறி உட்கார்ந்தான் மகன். அந்தக் கனத்துக்கு வண்டி மெல்ல நகர்ந்தது.

பழங்கள் நசுங்கின. கூட்டம் கைதட்டியது! சகுனம் நல்லபடியாக ஆயிற்று என்று ஸ்பீக்கரில் நாதஸ்வரத்தைப் போட்டுவிட்டார்கள். டிரைவர் சீட்டில் ஆளே இல்லை என்பதை ஒருத்தரும் கவனிக்கவில்லை. “ஐயோ, வண்டியப் புடிங்க!” என்று கத்தினேன். கெட்டிமேளம் மாதிரி என் குரலை அமுக்கியது அந்த ஸ்பீக்கர். சம்பந்தியம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்துக் கையாட்டினாள். பட்டுப்புடவையில் என்னால் ஓடவும் முடியவில்லை. இவர் பின் பம்பரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். இரண்டு டன் இரும்பு எழுபது வயதுக்காரர் பிடித்தால் நிற்குமா? செருப்பு தேயத் தேய அதுவே அவரை இழுத்துக்கொண்டு போனது. கீழே குழந்தைகள் குமிழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மகன் திரும்பி அப்பாவின் முகத்தைப் பார்த்தான். அடுத்த நொடி பட்டுவேஷ்டியோடு முன் சீட்டைத் தாண்டி விழுந்து பிரேக்கின் மேல் ஏறியே நின்றான். வண்டி குலுங்கி நின்றது. பம்பருக்கு முன்னால் ஒரு பெண் குழந்தை குமிழிக் குச்சியை வாயில் வைத்தபடி நின்றது.

“R-லதான் போட்டேன்” என்றார் இவர், மூச்சு வாங்க. “R-ல போட்டா பூட்டிக்குமே.”

“அது பழைய வண்டிங்க” என்றேன். அவர் என்னையே பார்த்தார். அந்த வித்தியாசத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

மகன் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கி வந்தான். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது பதிலுக்கு நான் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். கையை மட்டும் நீட்டி, “கீ, அப்பா” என்றான். இவர் சாவியை எடுத்து அவனிடம் கொடுக்காமல் என் கையில் வைத்தார். என்ன சொல்லி அதைத் திருப்பிக் கொடுப்பேன்? மகனிடம் கொடுத்தேன்.

ஜானவாசத்தில் மாப்பிள்ளை தானே வண்டி ஓட்டியது எங்கள் வீட்டில்தான் நடந்திருக்கும். பின் சீட்டில், மகன் உட்கார வேண்டிய இடத்தில், இவரும் பக்கத்தில் நானும் உட்கார்ந்தோம். எல்லாரும் சிரித்துக்கொண்டே இவர்மேல் பூவைப் போட்டார்கள். இவர் முன்னால் பார்த்தபடியே என் பக்கம் சாய்ந்தார்.

“பிரேக் கொஞ்சம் முன்னாடியே மிதிக்கணும்னு அவன்கிட்ட சொல்லு.”

“முன் சீட்லதான இருக்கான், நீங்களே சொல்லுங்க.”

“நீ சொல்லு” என்றார்.