கறுப்புக் குறுணையும் பெரம்பலூர் பஸ்ஸும்

கோயில், அருவி என்று பயணக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தவன், இந்த முறை தோல் டாக்டரிடம் போய்வந்ததை எழுதுகிறேன். சிரிக்காதீர்கள். சென்ற வாரம் போனதைப் போல மகிழ்ச்சியான பயணம் எனக்கு வாய்த்ததே இல்லை.

என் அக்கா மகள் ரம்யாவுக்குப் பதினாறு வயது. பள்ளியின் கோ-கோ அணியில் ஓடியவள். முந்திரித் தோப்பில் கொட்டை பொறுக்கும்போது உள்ளங்காலில் முள் ஏறியது. பல மாதம் கழித்து அதே இடத்தில் வலியே இல்லாமல் ஒரு வீக்கம். கால் ஆணி என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். ஜெயங்கொண்டம் பக்கம் கால் ஆணிக்கு, முந்திரிக்கொட்டையைச் சுட்டால் வடிகிற எண்ணெயைத் தடவுவார்கள். அக்காவும் தடவினாள். வீக்கத்தில் ஓட்டைகள் விழுந்து, கடுகைவிடச் சிறிதாகக் கறுப்புக் குறுணை வந்தது. எண்ணெய்க் கசடு என்று தினமும் சுத்தமாகத் துடைத்துவிட்டாள்.

கடைசியில் காட்டப் போன பெரம்பலூர் ஆஸ்பத்திரியின் தோல் டாக்டரம்மாதான் தடுத்தார். "இனிமே துடைக்காதீங்கம்மா. ராத்திரி துணி கட்டி, காலையில அப்படியே கொண்டாங்க."

அந்தக் குறுணைதான் நோய். தோலுக்கு அடியில் போய், விட்டால் எலும்பையும் பிடிக்கிற பூஞ்சை. சதையைக் கொஞ்சம் எடுத்துச் சோதித்து உறுதி செய்தார்கள். நல்லவேளை, எலும்பைத் தொடவில்லை. ஒரு ஆபரேஷன், ஒரு வருடத்துக்கும் மேல் மாத்திரை, கல்லீரலுக்காக அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. இந்தப் பயணம் ஒரே ஒரு பதிலுக்காக: ரம்யா இனி ஓடலாமா, கூடாதா?

காலை ஏழு மணிக்கு ஜெயங்கொண்டத்தில் ஏறி, அரியலூரில் பஸ் மாறினோம். அங்கிருந்து பெரம்பலூர் சுமார் முப்பது கிலோமீட்டர். ஒரு மணி நேரம் என்பார்கள். சிமெண்ட் லாரிக்குப் பின்னால் மாட்டினால் அதை நம்பாதீர்கள். ஜன்னலோரம் உட்கார்ந்தால் சிமெண்ட் தூசி படிந்து நரைத்த தலையோடு இறங்கலாம். கண்டக்டர் எங்களுக்குப் பழகியவர்.

"என்ன பாப்பா, இன்னிக்காவது மாத்திரைய நிறுத்துவாங்களா?"

"மாத்திரை கெடக்கட்டும்ணே, ஓடச் சொன்னாப் போதும்."

டாக்டரம்மா தழும்பை அமுக்கிப் பார்த்தார், ஸ்கேனைப் பார்த்தார்.

"மாத்திரைய நிறுத்திடலாம். மூணு மாசத்துக்கு ஒருதடவை வந்து காட்டணும்."

"ஓடலாமா மேடம்?"

"ஓடு. ஆனா ஷூ போட்டுட்டு ஓடு."

அக்காவுக்குப் போன் செய்தேன். அந்தப் பக்கம் அழுகைதான் கேட்டது. நானும் ஆஸ்பத்திரி வாசலில் வெட்கமில்லாமல் அழுதேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. காலையிலேயே போய் டோக்கன் வாங்கிவிடுங்கள். முள் குத்திய இடத்தில் வலியில்லாத வீக்கம், ஓட்டை, குறுணை வந்தால் எண்ணெய் தடவ வேண்டாம். கட்டிய துணியோடு தோல் டாக்டரிடம் காட்டுங்கள். வெள்ளை, மஞ்சள் குறுணை என்றால் பாக்டீரியாவாகவும் இருக்கலாம், அதற்கு மருந்தே வேறு. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். தோப்புக்குச் செருப்பில்லாமல் போகவே போகாதீர்கள்.

திரும்பும்போது அரியலூரில் ஜெயங்கொண்டம் பஸ் கிளம்பிவிட்டது. "அடுத்ததுல போவலாம்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ரம்யா ஓடிப்போய் அதை நிறுத்திவிட்டாள். படியில் நின்றுகொண்டு, "மாமா, வெரசா வாங்க!" என்று கத்தினாள். அவளுக்காக மெதுவாக நடந்தே பழகிவிட்ட நான்தான் மூச்சிரைக்கப் பின்னால் போனேன்.